அத்தையின் உரைகல்லில் எத்தனை உரசு?

முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தையும் நான்கு வயதுப் பையனும் இருக்கிறார்கள். கணவருக்குத் துபாயில் வேலை. வீட்டில் அத்தையும் கொழுந்தனாரும் உண்டு. அத்தைக்குக் கைவைத்தியம் நிறையத் தெரியும். கொல்லையில் ஆடாதோடை, நொச்சி, தூதுவளை, கற்பூரவல்லி எல்லாம் வளர்க்கிறார். பாப்பாவைத் தினமும் குளிப்பாட்டியதும் வசம்பு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார். கையில் வசம்பு வளையலும் கட்டியிருக்கிறார். பெரியவனுக்குச் சளி பிடித்தால் நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைக்கிறார். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அக்கா வளையலைப் பார்த்து என்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். 'உன் புருஷனை இப்படித்தான் வளர்த்தேன்' என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தைக்கே பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இப்போது சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுவதால் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். போன வாரம் கொழுந்தனாருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி மூன்று நாள் கொடுத்தால் போதும் என்கிறார் அத்தை. நான் யாரை நம்புவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். இருபத்தைந்து வருடமாக இதே மூலிகைகளைத்தான் எழுதிக்கொடுத்து வருகிறேன். அதனால் பாதிக்கு மேல் உங்கள் அத்தையின் கட்சி நான். ஆனாலும் உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எனக்குப் பக்கென்றது. அவற்றை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள், மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். பாப்பாவுக்குத் தேன் கொடுப்பதை நிறுத்துங்கள். கையிலுள்ள வசம்பு வளையலைக் கழற்றுங்கள். கொழுந்தனாரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

தேனிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். கொம்புத்தேன், மலைத்தேன், கடைத்தேன் எதுவானாலும் இதுதான் பதில். தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அவற்றை முளைக்க விடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வரவில்லை. வித்து அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு தசைகளைத் தளர்த்திவிடும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகை ஈனமாகும், நின்றுகொண்டிருந்த கழுத்து தொய்யும். மூச்சு வரைக்கும் போகக்கூடியது. தேனைக் காய்ச்சினாலும் வித்து சாகாது. அபூர்வமான நோய்தான். ஆனால் தேனை விட்டுவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும்போது எதற்காக அந்த அபாயத்தை எடுக்க வேண்டும்? இதுவரை கொடுத்ததை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். பாப்பா நன்றாகப் பால் குடித்து, வழக்கம்போல் கை கால் உதைத்து விளையாடினால் கவலை இல்லை. நான் சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய், தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி வசம்பு. இதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். 'பேர் சொல்லாதது' என்றும் சொல்வார்கள். விளக்கு வைத்த பிறகு கடையில் வசம்பு என்று கேட்கமாட்டார்கள், பேர் சொல்லாதது கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு மரியாதையோடு வைத்திருந்த பொருளை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்கிறேன்.

எங்கள் ஆச்சி உரைகல்லைத் தனித் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதில் மஞ்சளோ சந்தனமோ உரசவிடமாட்டார். வசம்பை நல்லெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிக் கரியாகும் வரை சுடுவார். வெந்நீரில் கழுவிய கல்லில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால். அதன்மேல் வசம்பு ஒரே ஒரு சுற்று. கடுக்காய் இரண்டு சுற்று, மாசிக்காய் ஒன்று. ஜாதிக்காயைக் கல்லில் தொட்டு எடுத்த மாதிரிதான் இருக்கும். கல்லில் சேர்ந்த மொத்தமும் ஒரு மிளகளவு வராது. வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு உரசுவார், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கல்லைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். தினமும் செய்ததில்லை. வயிறு உப்பினால், மாந்தம் என்று தோன்றினால் மட்டும்.

இந்த 'ஒரு சுற்று' என்பதுதான் மருந்தின் அளவு. மில்லிகிராம் கணக்குத் தெரியாத காலத்தில் விரலும் கல்லும் சேர்ந்து வைத்த கணக்கு. இன்றைக்கு என்னிடம் வரும் பல வீடுகளில் வசம்பின் பெயர் இருக்கிறது, அந்தக் கணக்கு இல்லை. குழந்தை தூங்கவில்லை என்று ஜாதிக்காயைப் பத்துச் சுற்று உரசிக் கொடுத்துவிட்டு, பிள்ளை மயங்கினமாதிரி கிடக்கிறது என்று ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாதிக்காய் கூடினால் அப்படித்தான் ஆகும்.

வசம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவரே சொன்னால்தான் அத்தை காதில் ஏறும் என்பதால் சொல்கிறேன். இதில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் உண்டாயின. அதனால் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். நம் முறையில் வசம்பைச் சுட்டுக் கரியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பச்சையாகக் கொடுக்கும் பொருள் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் வளையலில் கோத்திருப்பது சுடாத பச்சை வசம்பு. ஐந்து மாதப் பிள்ளை கையை எடுத்தால் வாய்க்குத்தான் கொண்டுபோகும். நாள் முழுக்கச் சப்பினால் எத்தனை உரசு என்று யார் எண்ணுவது? எச்சிலும் அழுக்கும் ஊறி, துண்டு உடைந்து தொண்டையில் சிக்கவும் கூடும். நர்ஸ் அக்கா திட்டிய விதம் சரியில்லாமல் இருக்கலாம், விஷயம் சரிதான்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரே தேவையில்லை. அப்படியானால் வயிறு உப்பி அழும்போது என்ன செய்வது என்று அத்தை கேட்பார். அதற்கும் அவர் கையிலேயே வழி இருக்கிறது. வசம்பைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசலாம். இதுவும் நம் பாட்டிகள் செய்ததுதான், உள்ளே எதுவும் போகாது. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். கால்களை மெதுவாக மடக்கி வயிற்றோடு சேர்த்து நீட்டி விடுங்கள். பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், பால் மறுப்பது, இவற்றில் எது வந்தாலும் எண்ணெயும் வேண்டாம், கையும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

அத்தையிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. நர்ஸ் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று தொடங்காதீர்கள். ஒரு மத்தியான நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, உங்கம்மா உரசும்போது எத்தனை உரசு உரசுவாங்க? தினமும் கொடுப்பாங்களா?" என்று கேளுங்கள். அவருக்கு ஞாபகம் வரும். வேண்டுமானால் இந்தப் பதிலையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரைக் குறைத்து ஒரு வார்த்தை நான் எழுதவில்லை.

பெரியவனின் சளிக்கு வருகிறேன். கொல்லையில் அத்தை வைத்திருக்கும் செடிகளைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்று நம்மிடம் பழமொழியே உண்டு. ஆடுகூடத் தொடாத கசப்பு. அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. உங்கள் வீட்டில் இருமல் சிரப் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அத்தையிடம் இதைக் காட்டுங்கள், அவர் முகம் மலரும்.

ஆனால் நான்கு வயதுக்கு ஆடாதோடைச் சாற்றை வீட்டிலேயே பிழிந்து கொடுக்க நான் சொல்லமாட்டேன். கசப்பில் வாந்தி எடுத்துவிடுவான், அளவும் தெரியாது. ஆடாதோடை மணப்பாகு என்று எங்கள் சித்த மருந்துகளிலேயே பாகு இருக்கிறது. அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் கேட்டு, வயதுக்குத் தகுந்த அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் என்றால் வீட்டிலேயே செய்யலாம். நடுத்தர இலை இரண்டை நரம்பு நீக்கிக் கழுவி, நான்கு மிளகு தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டம்ளராக வற்றவைத்து, மூன்று நாள். கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தொடக் கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் இதற்கு உண்டு. நாளைக்கு உங்களுக்கே தேவைப்படலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பையனுக்குக் கற்பூரவல்லி போதும். இரண்டு இலையைத் தணலில் வாட்டிக் கசக்கினால் ஒரு சின்ன ஸ்பூன் சாறு வரும். அவனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் தேன் கலந்து கொடுக்கலாம், தேனே இருமலைத் தணிக்கும். தூதுவளையைச் சாப்பாடாகக் கொடுங்கள். அடிப்பக்கத்து முள்ளைக் கிள்ளிவிட்டு, நெய்யில் வதக்கி, துவையலோ ரசமோ. இதற்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம்.

நொச்சி ஆவிதான் எனக்குப் பிடிக்கவில்லை. நொச்சியில் ஒரு குறையும் இல்லை, கொதிக்கும் பானைதான் பயம். போர்வைக்குள் நான்கு வயதுப் பையன் அசையாமல் உட்காருவானா? காலை ஒரு உதை உதைத்தால் மடியில் கொட்டிவிடும். வெந்துபோன தொடையோடு வந்த பிள்ளைகளுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன், அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர்கள் பிடிக்கட்டும். பையனுக்கு நொச்சி இலையை நிழலில் உலர்த்தி, பழைய தலையணை உறைக்குள் அடைத்துத் தலைமாட்டில் வையுங்கள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

கைவைத்தியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிய ஒரு வழி சொல்லித் தருகிறேன். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பாப்பாவுக்கு 50, பெரியவனுக்கு 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ அது நுரையீரல் வரைக்கும் போய்விட்ட சளியாக இருக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து இலை தழை எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

அத்தையின் சர்க்கரைக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் பச்சை இலை கிடைத்தால் ஒன்றை நன்றாக மென்றுவிட்டு, கொஞ்சம் சீனியை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்ட மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதனால்தான். ரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நானும் கொடுக்கிறேன், மாத்திரையோடு சேர்த்து, ரத்தம் பார்த்துக்கொண்டு. மாத்திரையின் இடத்தில் அதை வைப்பதில்லை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் அரிக்கும். நாக்கும் சொல்லாது, உடம்பு அசதியும் சொல்லாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை என்பது இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. போடாத நாளில் ஏறும். பொடியும் மாத்திரையும் சேரும் நாளில், மாத்திரையின் வகையைப் பொறுத்து, அளவுக்கு மேல் இறங்கவும் கூடும். திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பசி வந்து கண் இருட்டினால் அதுதான். உடனே இரண்டு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அப்போது அத்தை சிறுகுறிஞ்சான் இலையை மென்றிருந்தாலும் பரவாயில்லை, நாக்குக்குத்தான் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை ஒன்று எடுத்து, பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பொடியை மறைக்க வேண்டாம். அதுவரை மாத்திரை தினமும், பொடி ஓய்வில்.

கடைசியாகக் கொழுந்தனார். ஒரு பெரியவர் மஞ்சள் பையில் ஒரு கட்டுச் செடியைப் போட்டு எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். மகனுக்குக் காமாலை, இது கீழாநெல்லிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். தண்டைத் திருப்பிக் காட்டினேன். இலை வரிசைக்குக் கீழே கடுகு கோத்த மாதிரிப் பச்சைக் காய்கள் இருக்க வேண்டும், கீழ்க்காய்நெல்லி என்பதுதான் பெயரே. காய் இருந்தது, ஆனால் தண்டு சிவந்திருந்தது. அது செங்கீழாநெல்லி, பங்காளி மாதிரி. எங்கே பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். வயல் வரப்பில் என்றார். போன வாரம்தான் அங்கே களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். ஈரல் நோகும் பிள்ளைக்கு அதை அரைத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கீழாநெல்லியின் பெருமை எனக்கும் தெரியும். 1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அதில் பங்கெடுத்திருந்தார். நாங்கள் மாணவர்களாக இதைத் தலைநிமிர்ந்து பேசுவோம். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் என்று நினைக்கிறோம். அது பல நோய்களின் நிறம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ வகை என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி மூன்று நாளில் குணமாக்கியது என்று ஊரில் சொல்லும் கதைகள் பல இந்த வகையாகத்தான் இருக்கும். பி வகை என்றால் கண் வெளுத்த பிறகும் கிருமி உள்ளே தங்கலாம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் எந்த இலையாலும் தள்ள முடியாது, மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரிப்பது அதன் அடையாளம். இதையெல்லாம் கண்ணைப் பார்த்தோ நாடியைப் பார்த்தோ மட்டும் நான் சொல்லிவிடமாட்டேன். கண்ணை மஞ்சளாக்கும் நிறப்பொருளான பிலிருபின், கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம், ஹெபடைட்டிஸ் பரிசோதனை, தேவையென்றால் ஸ்கேன், இவற்றை நானே எழுதிக்கொடுப்பேன்.

அதுவரை மதுவைத் தொடக் கூடாது. காய்ச்சல், தலைவலி என்று பாராசிட்டமாலைத் தானாக விழுங்கக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் பாப்பாவைத் தூக்க வேண்டாம். பேச்சு குழறினாலோ, பகலில் அளவில்லாமல் தூங்கினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் பிலிருபின் அளவையும் பி வகை உண்டா இல்லையா என்பதையும் எனக்கு எழுதுங்கள். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் எவ்வளவு, எத்தனை நாள் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். செடியை அத்தையே வீட்டுக் கொல்லையிலிருந்து பிடுங்கட்டும். வரப்புக்குப் போக வேண்டாம்.